எலியைக் கழற்றிப் பாருங்கள்

உத்திரமேரூர் தாலுகாவில் மானாம்பதி என்று ஓர் ஊர். திருப்போரூர் பக்கம் மானாமதி என்று இன்னோர் ஊர். சிவகங்கைச் சீமையில் மானாமதுரை (கடம் வாங்கப் போகிறவர்கள் அங்கே இறங்கவும்). தமிழில் எழுதினால் மூன்றுக்கும் ஒரு குழப்பமும் கிடையாது. இதையே இணையத்தில் ஏதாவது ஒரு விண்ணப்பப் பக்கம் ஆங்கிலப் பட்டியலில் கொட்டி, 'உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொல்லும்போதுதான் வினை. நடுவில் 'பி' உண்டா இல்லையா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா என்பதெல்லாம் அன்றைக்கு டைப் அடித்தவரின் மனநிலையைப் பொறுத்தது. பட்டியல் அனுமார் வால். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் 'எம்'மைத் தாண்டி 'பி'யில் போய் நிற்கும். தப்பித்தவறி வேறு ஊரைத் தொட்டுவிட்டால், அதுவரை நிரப்பியதையெல்லாம் துடைத்துவிட்டுத் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு வரி: 'பிழை'. என்ன பிழை, எந்தக் கட்டத்தில், யார் செய்தது? மூச்!

நமக்கென்ன, ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழகியவர்கள். 'சர்வர் டவுன்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

மானாம்பதியில் ஓர் ஆயா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள்.) வயது 68. வலது கண்ணில் புரை. காலமான வீட்டுக்காரர் பேரில் இருக்கும் முக்கால் ஏக்கருக்குப் பட்டா மாற்ற வேண்டும். 'இப்ப எல்லாம் ஆன்லைன்' என்று சொல்லிவிட்டார்கள். பேரன் கொடுத்த பழைய செல்போன் கையில் இருக்கிறது. பக்கம் திறக்கிறது. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதின மாதிரி, வெள்ளைப் பின்னணியில் வெளிறின சாம்பல் எழுத்து. டிசைன் பண்ணின தம்பிக்கு வயது 24, அவர் திரை 27 அங்குலம், அறை ஏ.சி. அவருக்கு அது 'எலிகன்ட்'. ஆயாவுக்கு அது வெறும் வெள்ளை. கடைசியில் பிரௌசிங் சென்டர்.

"ஆயா, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. இன்னா நம்பர், சொல்லு."

"எனக்கு எங்கடா தெரியுது? நீயே பாத்துக்க."

முடிந்தது. போன், ஆதார், சர்வே நம்பர், சமயத்தில் பாங்க் கணக்கு எல்லாம் இப்போது பையன் கையில். பையன் நல்லவன்தான். பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் அவனை நம்புவதா வேண்டாமா என்று ஆயாவை யாராவது கேட்டார்களா? எங்கேயோ உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினவர், சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்த அந்த நிமிஷத்திலேயே, 'இந்த அம்மா இனிமேல் அடுத்தவர் தயவில்தான் இருக்க வேண்டும்' என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அவருக்கே அது தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

அதே தெருவில் ஒரு பையன். பிறவியிலேயே பார்வை கிடையாது. பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பி.எட். முடித்தவன். கம்ப்யூட்டரில் நம்மைவிடக் கெட்டிக்காரன். அவன் லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் 2006-ல் எழுத ஆரம்பித்து, பிறகு ஜேம்ஸ் டே கைகோர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். காசு கிடையாது, இலவசம். திரையில் இருப்பதை வாயால் சொல்லும். பழகினவர்கள் இதை வைக்கிற வேகம் இருக்கிறதே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நமக்கு ஏலக்கடைச் சத்தம் மாதிரி இருக்கும். அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

பையன் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான். பேர், தகப்பனார் பேர், மார்க் எல்லாம் தானே நிரப்பிவிட்டான். கடைசிக் கட்டத்தில், 'நீங்கள் மனிதர்தானா என்று நிரூபியுங்கள்' என்று கோணல்மாணலாக ஒரு படம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்.வி.டி.ஏ.வுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே அந்தப் படமே! ஆக, சட்டப்படி மனிதன், பட்டதாரி, வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவன், தான் மனிதன் என்று நிரூபிக்கப் பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. (ஆயாவுக்கும் இதே சோதனை உண்டு. 'தீயணைப்புக் குழாய் உள்ள கட்டங்களைத் தொடவும்.' அமெரிக்கத் தெரு ஓரத்தில் குட்டையாக, சிவப்பாக நிற்குமே, அது. அவர் அதை உண்டியல் என்று நினைத்தால் குற்றமில்லை.) வேடிக்கை என்னவென்றால், இந்தப் புதிர்களை இப்போதைய கம்ப்யூட்டர்கள் சர்வசாதாரணமாகப் போட்டுவிடுகின்றன. மாட்டிக்கொள்வது மனிதர்கள் மட்டும்.

* * *

'இதெல்லாம் அவங்க விதி சார், டிசைன் பண்றவன் என்ன செய்ய முடியும்?' என்று கேட்பவர்களுக்காக டி.வி. ராமனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1965-ல் பூனாவில் பிறந்தவர். க்ளாகோமா என்கிற கண் அழுத்த நோயில் 14 வயதில் பார்வை முழுக்கப் போய்விட்டது. அண்ணன் தம்பியும் வாத்தியார்களும் பாடப் புத்தகங்களை வாசித்துக் காட்ட, காதால் கேட்டே கணக்குப் படித்தார். கதைப் புத்தகம் இல்லை ஐயா, கணக்கு! பூனா சர்வகலாசாலை, பம்பாய் ஐ.ஐ.டி., அப்புறம் அமெரிக்காவில் கார்னெல். அங்கே 1994-ல் டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்ததுதான் 'ஆஸ்டர்'. வழிகாட்டி நாயின் பேர் ஆஸ்டர், அதையே மென்பொருளுக்கும் வைத்துவிட்டார்.

அது என்ன செய்தது? கணக்கைப் படித்துக் காட்டியது. இதில் என்ன பிரமாதம் என்றால் ஒரு சின்னப் பரீட்சை. பக்கத்து சீட்காரரிடம் இதை வாயால் சொல்லிப் பாருங்கள்: 'எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் ஒய்.' ஒன்றை மட்டும் ஒய்யால் வகுப்பதா, எக்ஸையும் ஒன்றையும் கூட்டிவிட்டு வகுப்பதா? கண்ணால் பார்க்கிறவனுக்குக் கோடு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரிகிறது. காதால் கேட்கிறவனுக்குக் கோடு ஏது? ராமன் குரலிலேயே அந்தக் கோட்டைப் போட்டார். மேலே ஏற்றி எழுதும் வர்க்கம், கனம் எல்லாம் குரல் உயர்ந்து வரும். கீழே இறக்கி எழுதுவது தாழ்ந்து வரும். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி, அவ்வளவுதான்.

அடுத்து 1995-ல் 'ஈமேக்ஸ்பீக்'. இதில்தான் அவர் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிகிறது. மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பத்தி, ஐந்து வரிசை, கட்டம் கட்டமாக எண்கள். சாதாரணத் திரை வாசிப்பான் அதை என்ன செய்யும்? 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று இடமிருந்து வலமாக 31 வரைக்கும் ஒப்பிக்கும். வாய்ப்பாடு. 16-ம் தேதி என்ன கிழமை என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ராமனின் மென்பொருள் கட்டத்தையே பார்க்காது. எந்தத் தேதியில் நிற்கிறீர்களோ அதன் கிழமை, தேதி, மாதம், வருஷம் நான்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். அவ்வளவுதானே வேண்டும்? கட்டம் என்பது கண்ணுக்காகச் செய்த ஏற்பாடு. சேதி அதற்குள்ளே இருக்கிறது. டிசைனர்கள் பாதிப் பேர் கட்டத்தை அழகு பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், சேதியை மறந்துவிட்டு.

2005-ல் கூகுளில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஒரு தேடல் வசதி. தேடிக் கிடைத்த பக்கங்களில் எவையெல்லாம் பார்வையற்றவர் சுலபமாகப் படிக்கக்கூடியவையோ அவற்றை முன்னால் தள்ளிக் காட்டும். அப்புறம் வந்தது தொடுதிரை போன். பார்வையற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்த சாதனம். பழைய போனில் பட்டன் இருந்தது, நடுவில் 5 மேல் ஒரு சின்ன மேடு இருந்தது, தடவிக் கண்டுபிடிக்கலாம். இது வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை. எங்கே தடவினாலும் ஒரே மாதிரி. ராமனும் சார்லஸ் சென் என்ற இன்னொரு என்ஜினீயரும் இதற்குக் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். திரையில் எங்கே முதலில் விரல் வைக்கிறீர்களோ, அதுதான் 5. அங்கிருந்து மேலே இழுத்தால் 2, கீழே 8, இடதுபக்கம் 4, மூலைவாட்டில் 1, 3, 7, 9. பட்டனை விரல் தேடிப் போக வேண்டாம், விரல் இருக்கும் இடத்துக்குப் பட்டன் வருகிறது!

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இது பார்வையற்றவர்களுக்கு மட்டுமா? ஒரு கையில் பஸ் கம்பி, இன்னொரு கையில் போன், முதுகில் லன்ச் பை, காலில் அடுத்தவர் கால் என்று தாம்பரம் போகிற நம் அத்தனை பேருக்கும்தானே?

2009-ல் ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' என்று ஒரு வாசிப்பான் வந்ததும் இந்தக் கூட்டத்தின் உழைப்பில்தான். உங்கள் போனிலும் பெரும்பாலும் இருக்கும். செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். ஆனால் எப்படி அணைப்பது என்று முதலில் படித்து வைத்துக்கொண்டு போடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் போன் பேசிக்கொண்டே இருக்கும், மானேஜர் முன்னால்கூட.

* * *

தமிழுக்கு இதில் ஒரு தனி அவஸ்தை இருந்தது. இணையத்தில் தமிழ் வந்த புதிதில், அதாவது 1990-களின் பின்பாதியில், ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஒரு பத்திரிகையைப் படிக்க அதன் ஃபான்ட்டை இறக்க வேண்டும், அடுத்த பத்திரிகைக்கு வேறு. வீட்டுக்கு வீடு பம்பும் வாளியும் மாதிரி. இறக்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்குச் சுகம். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கவலைப்படவில்லை.

உள்ளே இருந்தது ஆங்கில எழுத்து. அதன் மேல் தமிழ்ச் சட்டை மாட்டியிருந்தார்கள். இலங்கைத் தமிழர்களும் நம்மூர் டி.டி.பி. கடைகளும் ஏகமாகப் பயன்படுத்திய 'பாமினி'யில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் மனதில் பதிவது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கண்ணுக்குத் தமிழ். திரை வாசிப்பானுக்கோ ஜேகேபிஓ. ஒரு முழு நாவலை இப்படிக் கேட்டுப் பாருங்கள்! பார்வையற்ற தமிழனுக்கு ஆங்கில இணையம் திறந்திருந்தது, சொந்தப் பாஷையின் கதவு மட்டும் சாத்தியிருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூட்டி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒழுங்கு செய்யப் பார்த்தார்கள். விசைப்பலகை நிலைத்தது. குறியீட்டுச் சண்டை இன்னும் பத்து வருஷம் ஓடியது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்றாலும் நம் அரசு அதை முறையாக ஏற்றுக்கொண்டது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். யூனிகோடில் 'த' என்றால் உள்ளேயும் 'த'தான். அதனால்தான் இன்றைக்கு என்.வி.டி.ஏ. தமிழ்ப் பக்கத்தைத் தமிழாகவே படிக்கிறது. (உச்சரிப்பு கொஞ்சம் வெள்ளைக்காரப் பாதிரியார் சாயலில் இருக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.) எழுத்துருச் சண்டை போட்ட பலருக்கும், தாங்கள் ஒருவருக்குப் புத்தக அலமாரியைத் திறந்துவிடுகிறோம் என்ற ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

யூனிகோடு வந்தும் சிலர் விடமாட்டேன் என்கிறார்கள். அழகாக டைப் அடித்த சுற்றறிக்கையைப் பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணி, பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் ஏற்றுகிறார்கள். இப்போது அது எழுத்தல்ல, போட்டோ. வாசிப்பான் அதைத் திறந்து மௌன விரதம் இருக்கும். கையில் இருந்த எழுத்தைக் கஷ்டப்பட்டுப் படமாக்குவதற்கு எத்தனை பேர் உழைப்பு பாருங்கள்.

* * *

மானாம்பதியில் ஆரம்பித்தோம். பக்கத்து உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்வரலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்து மறந்திருப்பீர்கள். இப்போது ஒரு டிசைனர் கண்ணோடு படியுங்கள், சுவாரசியமாக இருக்கும்.

30 குடும்பு, அதாவது வார்டு. வார்டுவாரியாகப் பேர் எழுதின ஓலைகளைக் கட்டி ஒரு குடத்தில் போடுகிறார்கள். வயதில் மூத்தவர் குடத்தைத் தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி காட்டுகிறார். உள்ளே இருப்பது எது என்ன என்று பேதம் தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுக்கிறான். அவர் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். (விரலிடுக்கில் வேறு ஓலை இருக்கக்கூடாதல்லவா!) வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். அப்புறம் மண்டபத்தில் இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதையே வாங்கிப் படிக்க வேண்டும்.

கண்ணுக்கு விரித்த கை, காதுக்கு உரத்த குரல். ஒரே சேதி, இரண்டு வழி. இன்றைக்கு இணைய வடிவமைப்பு விதிகள் பக்கம் பக்கமாகச் சொல்வதில் பாதி இதுதான். இன்னொன்று: முதல் கல்வெட்டு 919-ல், விதிகளைத் திருத்தி இரண்டாவது 921-ல். போட்டியிடும் வயது 30 முதல் 60 என்று இருந்ததை 35 முதல் 70 ஆக்கினார்கள். இரண்டே வருஷத்தில் வெர்ஷன் 2! செய்து பார்த்து, குறை கண்டு, திருத்தி, அதையும் கல்லில் வெட்டி ஊருக்கு நடுவில் வைத்தார்கள்.

உடனே மார்தட்ட வேண்டாம். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. நம் ஆயாவின் பாட்டிக்குப் பாட்டி மண்டபத்துக்கு வெளியே களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார். எத்தனை ஒழுங்காகக் குலுக்கினாலும் அவர் பேர் குடத்தில் விழப்போவதில்லை.

அவரும் குடத்துக்குள் வர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல், 1951-52. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். 'யார் பேருக்கு நேரே முத்திரை குத்த' என்று மற்ற 82 பேரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் ரகசியம் போயிற்று. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். மாடு பிடித்திருந்தால் மாட்டுப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். தயவு யாருக்கும் தேவையில்லை.

பிறகு மின்னணு எந்திரம் வந்தது. 1982-ல் கேரளத்தில் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் பரீட்சை பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட் தள்ளியது, சட்டம் திருத்திக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு முழுக்க 2001 சட்டசபைத் தேர்தலில் எந்திரம்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதை உருவாக்கியதில் எழுத்தாளர் சுஜாதாவுக்கு, அதாவது என்ஜினீயர் எஸ். ரங்கராஜனுக்குப் பங்குண்டு. மனிதர் வாரப் பத்திரிகையில் ரொம்பச் சுருக்கமாக எழுதுவார். எந்திரமும் அப்படியே. பேர், சின்னம், நீலப் பட்டன். அமுக்கினால் சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு 'பீப்'. பாஸ்வேர்டு இல்லை, மெனு இல்லை, 'குக்கீஸ் ஏற்கிறீர்களா' இல்லை. இங்கேயும் பாருங்கள், கண்ணுக்கு விளக்கு, காதுக்குச் சத்தம். பட்டனுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்ணும் உண்டு. சாவடியில் பிரெயில் மாதிரிச் சீட்டைத் தடவிப் பார்த்து, நம்ம ஆள் நாலாவது என்று மனதில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் 4-ஐ அமுக்கலாம். துணைக்கு ஆள் கூட்டிப் போக விதி இன்றும் இருக்கிறது. அந்த ஆள், 'ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன்' என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். வேண்டுமானால் கூட்டிப் போகலாம், வேண்டாமென்றால் தனியாகப் போகலாம். அந்த 'வேண்டாம்' அவர் கையில் இருக்கிறது பாருங்கள், அதற்குத்தான் இத்தனை பாடு.

ஓட்டுப் போடத் தனியாகப் போக முடிகிற பி.எட். பையனால், வேலைக்கு விண்ணப்பம் தனியாகப் போட முடியவில்லை.

* * *

இது கோர்ட்டு வரை போயிருக்கிறது. பாங்க் கணக்குத் திறக்க இப்போது போனிலேயே அடையாளச் சோதனை. கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்கள், உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க. ஆசிட் வீச்சில் முகமும் இமையும் சிதைந்த பெண்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் வழக்குப் போட்டார்கள். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தனியே போட்டார். 2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் (பின்னவர் நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போனவர்) தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது, அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம். கூடவே 20 கட்டளைகள். சிமிட்ட முடியாதவர்களுக்கு மாற்று வழி வைக்க வேண்டும் என்பது அதில் முக்கியம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009-லேயே உண்டு. உலக அளவில் விதிகளின் முதல் பதிப்பு 1999 மே மாதம். அதாவது நம்மில் பலர் ஈமெயில் கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்னால். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தீர்ப்பு வந்துவிட்டது, இனி அது சாம்பல் எழுத்து வரைக்கும் இறங்கி வர வேண்டும்.

'ஒரு சிலருக்காக இவ்வளவா?' என்று கேட்கும் முதலாளிகளுக்கு ஒரு கணக்கு. 2011 சென்செஸ்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதில் பார்வைக் குறை உள்ளவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாத ஆண்கள் இதில் சேர்த்தியில்லை. உங்கள் செக்ஷனிலேயே ஒருவர் இருக்கலாம். 'பச்சை பட்டனை அமுக்குங்க' என்றதும் இரண்டு நொடி யோசிப்பார் பாருங்கள், அவர்தான். 40 வயதுக்கு மேல் சாளேஸ்வரம் வருகிறவர்களும் சேர்த்தியில்லை. அது எல்லாருக்கும் வரும், சாம்பல் எழுத்துத் தம்பிக்கும் வரும். அன்றைக்கு அவர் செய்த பக்கத்தை அவரே கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பார்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கு (வாசகர்களில் நிறையப் பேர் என்று தெரியும்) கொஞ்சம் தொழில் பேச்சு. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் 4.5-க்கு 1-ஆவது இருக்க வேண்டும், அளந்து சொல்ல இலவசக் கருவிகள் இருக்கின்றன. படத்துக்கு மாற்று வாசகம் எழுதுங்கள். எழுதாவிட்டால் வாசிப்பான், 'ஐ.எம்.ஜி. அண்டர்ஸ்கோர் 2034 டாட் ஜேபெக்' என்று ஃபைல் பேரைச் சொல்லும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பதில் பிரஸ்காரர் பில் நம்பரைப் போட்ட மாதிரி. 'இங்கே கிளிக் செய்யவும்' என்று இணைப்புக் கொடுக்காதீர்கள். பார்வையற்றவர்கள் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் தனியே பட்டியலாகக் கேட்பார்கள். அதில் 'இங்கே கிளிக், இங்கே கிளிக், இங்கே கிளிக்' என்று பதினேழு தடவை வந்தால் எங்கே போவது? கட்டத்துக்குப் பேரை வெளியே எழுதுங்கள். கட்டத்துக்குள் மங்கலாக எழுதி, டைப் அடிக்க ஆரம்பித்ததும் மறைந்துபோகிற வித்தை வேண்டாம். பாதி அடித்தபின் அது தாலுகாவா தபால் நிலையமா என்று ஆயாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் மறந்துவிடுகிறது. பிழை என்றால் எந்தக் கட்டத்தில், எப்படித் திருத்த வேண்டும் என்று அங்கேயே சொல்லுங்கள். ஊர்ப் பட்டியலைத் தமிழில் வையுங்கள் சாமி!

தொழிலில் இல்லாதவர்களும் ஒரு விளையாட்டு விளையாடலாம். நாளைக்கு ஆபீஸில் மவுஸைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, தினம் திறக்கிற ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, வெறும் டேப் விசையாலும் என்டராலும் ஒரு காரியத்தை முடித்துப் பாருங்கள். பார்வையற்றவர்களும், கை நடுக்கம் உள்ளவர்களும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். நல்ல பக்கம் என்றால் ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு கோடோ கட்டமோ நகர்ந்து, இங்கே நிற்கிறாய் என்று காட்டும். கெட்ட பக்கத்தில் டேப்பைப் பத்துத் தரம் தட்டியும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. பதினோராவது தட்டில் விளம்பரத்துக்குள் போய்விடுவீர்கள், வெளியே வர வழி இருக்காது.

கோபம் வந்தால் அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம். 'தொடர்புக்கு' என்று எங்காவது அடியில் இருக்கும். அதையும் மவுஸ் இல்லாமல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.